ஒரு பெட்டிக்குள் இரண்டு ஊர்

அந்த யோசனை வந்த நேரம் என் இரண்டு கையிலும் ஒரு சஹன் இருந்தது. சாய்ந்தமருதில், ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் மகனுக்குச் சுன்னத்து விருந்து. விருந்து ராத்தா வீட்டில், சமையல் உம்மாவின் தங்கை சாச்சியின் வீட்டு வளவில். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் உம்மா, சாச்சி, ராத்தா எல்லாருடைய வளவுகளும் முதுகோடு முதுகு ஒட்டிக்கிடக்கும். வேலிகள் மதிலாகிவிட்ட இந்தக் காலத்திலும் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மதிலில் இடைவெளி விட்டுத்தான் கட்டுகிறார்கள். அதைக் கடப்பு என்போம். நாலைந்து பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தச் சோற்றுத் தட்டை, சஹனை, ஏந்திக்கொண்டு கடப்புக்குக் கடப்பாக நான் நடந்துகொண்டிருந்தேன். கிணற்றடி, வாழையடி, யாரோ ஒருவரின் உடுப்புக் கொடி, மறுபடி ஒரு கிணற்றடி. கடல்காற்று நெய்ச்சோற்று ஆவியை என் முகத்தில் அடித்தது. பாதி மயக்கம்.

ராத்தாவின் சமையலறைக் கதவால் உள்ளே போனபோது முன்வாசலில் மச்சானின் குரல் கேட்டது. ராத்தாவின் கணவர் அவர், நிந்தவூர்க்காரர். வெகுநேரமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேற்றடியில் நின்றிருக்கிறார்.

"சோறு எந்த ரோட்டால வருது? நானும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கன், ஒருத்தரையும் காணல்ல."

"ரோட்டால என்னத்துக்கு வரணும்?" என்றாள் ராத்தா. "உள்ளுக்கு வந்து பாருங்க. அரைவாசிப் பேர் திண்டு முடிச்சிட்டாங்க."

மச்சான் உள்ளே வந்து, வரிசையாக இருந்த சஹன்களைப் பார்த்து, பின்கதவைப் பார்த்து, தலையைச் சொறிந்தார். "கலியாணம் முடிச்சு இவ்வளவு காலமாகுது. இந்த வீட்டுக்குப் பின்னால ஒரு ஊர் இரிக்கிற எனக்குத் தெரியா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே நிலம். அதன்மேல் இரண்டு வரைபடம். ஆண்களுடையது ரோட்டால் போகிறது, பெண்களுடையது கடப்பால் போகிறது. ஒன்றுக்கு மற்றது தெரியாது, தெரியவும் தேவையில்லை. சமையலறைக் கதவில் மட்டும் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. அந்த வாரம் முழுக்க, நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் எங்கள் தலையை உடைத்துக்கொண்டிருந்த பிரச்சினைக்கு வழி அதுதான் என்று எனக்குப் பட்டது. "சஹன வையிடி, கை நோவும்" என்று உம்மா சொன்ன பிறகுதான் வைத்தேன்.

இப்படி வேலைக்கால நினைவுகளை ஓய்வூதியம் எடுப்பவர்கள்தான் எழுதுவார்கள். நான் அந்த வேலையை விட்டபோது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எழுதக் காரணம் உண்டு. என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் போன மாதம் போன் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் பயர்வோல் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். புதியதில் 'வெர்ச்சுவல் ரவுட்டர்' என்ற பெயரே இல்லை, வேறு பெயரும் வேறு இயந்திரமும் வந்துவிட்டன. நீங்கள் எழுதிவைத்த வழிகளில் ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறதே, ஒரேயொரு கருவிக்கு மட்டும் தனி வழி எதற்கு, அதை அழித்துவிடலாமா என்று கேட்டார்கள். அழிக்க வேண்டாம் பிள்ளைகளே. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒலுவில் கம்பஸில் படித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் பயிற்சி எடுத்தவள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை, பஸ், குளிரூட்டிய அறை, யாரும் தொடவிடாத பெட்டிகள். ஒரு நாள் தொடவிட்டார்கள். வெர்ச்சுவல் ரவுட்டர் இரண்டை உண்டாக்கி, இரண்டிலும் 'உனக்குத் தெரியாததை மற்றவனிடம் அனுப்பு' என்று எழுதினேன். ஒரு தகவல் உள்ளே போனது. கலியாண வீட்டு வாசலில் சம்பந்திகள் இருவர் "நீங்க முதல்ல போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று நிற்பதுபோல, அது இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வந்து, கடைசியில் ஆயுள் முடிந்து செத்துப்போனது. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கென்றால் அன்று முழுக்க அந்தப் பெட்டியின்மேல் ஒரு காதல்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பயர்வோல் என்பது நெட்வேர்க்கின் காவல்காரன். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்து விடும், மறிக்கும். நெட்வேர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் விலாசம் மாதிரி ஒரு எண் உண்டு. பயர்வோலின் வயிற்றுக்குள் அந்த எண்களுக்கு ஒரு வழி அட்டவணை இருக்கும். இந்த எண்ணுக்குப் போவதென்றால் இந்த வாசல், அந்த எண்ணுக்கு அந்த வாசல். சாதாரணமாக ஒரு பெட்டிக்கு ஒரு அட்டவணை. வெர்ச்சுவல் ரவுட்டர் என்றால் ஒரே பெட்டிக்குள் வேறு வேறு அட்டவணைகள். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று கொடுத்த வாசல்கள் மட்டுமே தெரியும். ஒன்று மற்றதைக் கனவிலும் காணாது.

கல்முனைக்கு வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நெட்வேர்க்குக்கு இரண்டு பேர், நானும் என் மேலதிகாரி முஸம்மில் சேரும். நான் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் ஆஸ்பத்திரி உரிமையாளர் ஹாஜியார் அக்கரைப்பற்றில் ஒரு சிறிய கிளினிக்கை வாங்கினார். அங்கே ஒரு எக்ஸ்ரே அறை இருந்தது. அதை நடத்தியவர் சுதர்சினி, நாங்கள் சுதா என்போம். திருக்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். அவருடைய மகள் ஊரில் பள்ளிக்கூடம் போகிறாள், கணவருக்கு வயல் வேலை.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் கல்முனையில்தான் இருந்தார். ஆகவே சுதா படத்தை சீடியில் எழுதி, கல்முனை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். எங்கள் ஆள் ஸ்டாண்டில் நின்று வாங்கி வருவான். டாக்டர் பார்த்து போனில் சொல்வார். அதுவரைக்கும் நோயாளி அக்கரைப்பற்றில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருப்பார். அவர்களில் பாதிப் பேர் அங்கிருந்தும் தெற்கே, பொத்துவில் பக்கம், கோமாரிப் பக்கம் இருந்து கையையோ காலையோ துணியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள்.

ஒரு நாள் ஒரு சீடி பஸ்ஸோடு மட்டக்களப்புக்கே போய்விட்டது. ஹாஜியார் அதட்டுகிற மனிதர் இல்லை. மெல்லிய குரலில் சொன்னார்: நோன்புக்குத் தலைப்பிறை காண்பதற்கு முதல் படங்கள் லைனால் வரவேண்டும். வராவிட்டால் மெஷினைக் கழற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்துவிடுவோம். கல்முனையில் ஏற்கெனவே எக்ஸ்ரேக்கு ஆட்கள் இருந்தார்கள். சுதாவுக்கு அங்கே இடமில்லை. அதை ஹாஜியார் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சுதா எனக்குப் போன் எடுத்தார். "மிஸ், எனக்கு உங்கட கொம்பியூட்டர் கத விளங்காது. மெஷின் போனா நான் மட்டக்களப்பில வேல தேடணும். பிள்ளைய விட்டுட்டு அங்க போய் ரூம் எடுத்து நிக்க என்னால ஏலா. நடக்குமா நடக்காதா, அத மட்டும் சொல்லுங்க."

நடக்கும் என்று சொன்னேன். எப்படி என்று அப்போது தெரியாது.

சிக்கல் இதுதான். இரண்டு இடத்தையும் இணைக்கத் தனி லைன் ஒன்று எடுத்தாயிற்று, அதன் நுனி எங்கள் பயர்வோலுக்கே வந்துவிட்டது. ஆனால் கிளினிக்கின் நெட்வேர்க்கும் எங்கள் நெட்வேர்க்கும் ஒரே எண்வரிசை. இரண்டையும் வேறு வேறு ஆட்கள், ஒருவரையொருவர் தெரியாமல், கடையில் வாங்கிய பெட்டி எந்த எண்ணோடு வந்ததோ அதே எண்ணோடு பூட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு அட்டவணைக்குள் ஒரே வரிசை இரண்டு வாசலில் இருந்தால் பயர்வோல் ஏற்காது. கிளினிக் எண்களை மாற்றலாம்தான். ஆனால் எக்ஸ்ரே மெஷினின் எண் இருபது. அதை மாற்றும் கடவுச்சொல் மெஷினை விற்றவர்களிடம் இருந்தது. விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

முஸம்மில் சேர் கட்டாரில் பெரிய டேட்டா சென்டர் ஒன்றில் வேலை செய்து திரும்பியவர். அவருக்குத் தெரிந்த தீர்வு இன்னொரு பயர்வோல். ஹாஜியார் அதற்குச் சம்மதிக்கவில்லை. அங்கேதான் நாங்கள் நின்றுபோயிருந்தோம், சுன்னத்து விருந்து வரைக்கும்.

திங்கட்கிழமை காலையில் சேரின் அறைக்குப் போய் இரண்டு ஊர்க் கதையைச் சொன்னேன். கிளினிக்கின் லைனை எடுத்துத் தனி வெர்ச்சுவல் ரவுட்டரில் போடுவோம். அதற்கு 'அக்கரை' என்று பெயர் வைப்போம். எங்களுடையது 'கல்முனை'. இரண்டிலும் ஒரே எண்கள் இருந்தால் இருக்கட்டும், ஒன்றை மற்றது அறியாது. படங்களைச் சேமிக்கும் சேர்வர் மட்டும் டாக்டரின் அறைப்பக்கம் வேறொரு எண்வரிசையில் இருக்கிறது, அது இரண்டு ஊரிலும் இல்லாத எண். அந்த ஒன்றுக்கு மட்டும் அக்கரையிலிருந்து கல்முனைக்கு ஒரு கடப்பு விடுவோம்.

சேரின் குணத்தைச் சொல்லவேண்டும். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மிகவும் கோபம் என்றால் உதடு மட்டும்தான் அசையும். கீபோர்டைத் தொடுவது அபூர்வம். நீங்கள் செய்யப்போவதை முதலிலிருந்து கடைசிவரை வாயால் சொல்லவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், சட்டைக் கையின் பொத்தானை விரலால் உருட்டிக்கொண்டே. தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு படியைத் தாண்டினால் பொத்தான் நிற்கும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே கேள்வி.

"உடஞ்சா எப்படி ஒட்டுற?"

அதற்குப் பதில் இல்லாமல் ஒரு மாற்றமும் நடக்காது. அன்றும் கேட்டார். பழைய அமைப்பை முழுதாகச் சேமித்துவைப்பேன், பிழை வந்தால் ஒரு நிமிடத்தில் அதை மீட்பேன் என்றேன். வெகுநேரம் பொத்தானை உருட்டினார். ஒரு பெட்டிக்குள் இரண்டு ரவுட்டர் என்பது கட்டாரில் பெரிய ஆட்கள் செய்கிற வேலை, கல்முனையில் அதற்கு என்ன தேவை என்று முணுமுணுத்தார். பிறகு கண்ணைத் திறந்து, "சரி தங்கச்சி. ஜும்ஆ நேரத்தில செய்" என்றார்.

வேறு ஊர்களில் இப்படியான மாற்றங்களை எப்போது செய்வார்களோ தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியில் அது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். அந்த நேரத்தில் வெளிநோயாளர் பகுதி காலியாகிவிடும். கணக்கு, வரவேற்பு, மருந்தகம் எங்கும் ஆண்கள் இருக்கமாட்டார்கள். சேரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். நெட்வேர்க் அறையில் நான் தனியாக இருப்பேன். அக்கரைப்பற்றிலும் அப்படித்தான், சுதா மட்டும் எக்ஸ்ரே அறையில் இருப்பார். லைனின் இரண்டு நுனியிலும் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு கரையோரம் முழுக்கத் தொழுகைக்குப் போய்விட்ட அமைதி.

அந்த வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கத்தின் குரல் ஜன்னலால் அலையலையாக வந்துகொண்டிருந்தது. கதவை மூடினேன். சேமித்தேன். 'அக்கரை' என்று புதிய ரவுட்டரை உண்டாக்கினேன். ஏற்கெனவே ஒரு ரவுட்டரில் இருக்கும் வாசலை நேராக மற்றதற்குத் தூக்கிக்கொடுக்க அந்தப் பெட்டி விடாது. முதலில் அதைப் பழைய வீட்டிலிருந்து விடுவிக்கவேண்டும். அதன் எண்ணைக் கழற்றி, பாதுகாப்பு வலயத்தைக் கழற்றி, ஒன்றுமில்லாத வெறும் வாசலாக்கவேண்டும். பிறகு புதிய ரவுட்டரில் சேர்த்து, புதிய வலயம் கொடுத்து, எண்ணைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதன் பிறகு வழி: சேர்வருக்குப் போவதென்றால் அடுத்த இடம் 'கல்முனை' ரவுட்டர். அதன் பிறகு அனுமதி: எக்ஸ்ரே மெஷின் சேர்வரோடு மட்டும் பேசலாம், வேறெவரோடும் இல்லை.

அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நீங்கள் எழுதுவது எதுவும் உடனே நடக்காது. எல்லாம் ஒரு பக்கத்தில் காத்துக்கிடக்கும். வாசல்களை இடம் மாற்றலாம், ஊர்களைப் பிரிக்கலாம், பெயர் வைக்கலாம், அழிக்கலாம். வெளியே பழைய உலகம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 'கமிட்' என்ற பொத்தானை அழுத்தும் வரைக்கும் அது நீங்கள் காணும் கனவு மட்டும்தான். அழுத்தினால் ஒரு கோடு மெதுவாக நிறைந்துகொண்டு போகும். கனவு உண்மையாகும் நேரம் அவ்வளவுதான்.

பிஸ்மி சொல்லி அழுத்தினேன். கோடு நிறைந்தது. கல்முனையில் ஒன்றும் உடையவில்லை. சுதாவுக்குப் போன் எடுத்து ஒரு பழைய படத்தை அனுப்பச் சொன்னேன்.

"அனுப்பிட்டன் மிஸ். அது சுத்திக்கிட்டு இரிக்கி." கொஞ்சம் கழித்து, "இன்னும் சுத்துது." பிறகு, "பதில் இல்லையாம் மிஸ். சிவப்பாப் போட்டிரிக்கி."

பள்ளி முடிந்து சேர் அத்தர் வாசனையோடு வந்தபோது நான் பயர்வோலின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுதாவின் படம் புறப்பட்டிருந்தது. அனுமதி கிடைத்திருந்தது. சரியான வாசலால் சேர்வர் பக்கம் போயிருந்தது. ஆனால் கடைசியில் 'முழுமையாகவில்லை' என்று குறித்திருந்தது. அக்கரை ரவுட்டரிடம் சேர்வருக்கு வழி எது என்று கேட்டேன், சரியாகச் சொன்னது. வழி இருக்கிறது, காவல்காரன் விடுகிறான், சேர்வர் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும் சேரவில்லை. சேரின் குரல் இறங்கத் தொடங்கியது.

அடுத்த வாரம் எனக்கு ஒரு நீண்ட மத்தியானமாகவே நினைவிருக்கிறது. பிறை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைகளில் பேரீச்சம்பழப் பெட்டிகள் அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சுதா தினமும் ஒரு தடவை போன் எடுப்பார், படத்தைப் பற்றிக் கேட்கமாட்டார், சாப்பிட்டீங்களா மிஸ் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அது அதட்டுவதைவிட மோசம். நான் அனுமதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கேபிள் மாற்றினேன். இரண்டு ரவுட்டரையும் வெள்ளைப் பலகையில் வரைந்து, அம்புக்குறி போட்டு, அழித்து, மறுபடி வரைந்தேன். அம்புக்குறி ஒவ்வொரு தடவையும் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குத்தான் போனது.

புதன்கிழமை ஒன்றும் தோன்றாமல் போய் டாக்டரின் அறையில், சேர்வருக்கு முன்னால் உட்கார்ந்தேன். சும்மா அங்கிருந்து எக்ஸ்ரே மெஷினைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று இருபதாம் எண்ணுக்கு ஒரு அழைப்பு விட்டேன்.

பதில் வந்தது.

எழும்பி ஓடி சேரைக் கூட்டிவந்தேன். "பதில் வருது சேர், பாருங்க." அவரும் குனிந்து பார்த்தார். வரிசையாகப் பதில், ஒன்றும் தவறாமல். அவர் முகம் மலரவில்லை. திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். ஒவ்வொரு பதிலும் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று காட்டும் இடம் அது; எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வந்திருந்தன.

"அக்கரப்பத்துக்குப் போய் வாறத்துக்கு இது கெதி கூட" என்றார், உதடு மட்டும் அசைய. "சுதாட்டச் சொல்லி மெஷின நிப்பாட்டச் சொல்லு."

சொன்னேன். சுதா, "நிப்பாட்டிட்டன் மிஸ், லைட்டும் போயிட்டு" என்றார். திரையில் பதில்கள் வந்துகொண்டே இருந்தன.

மெஷின் செத்துக்கிடக்கிறது, அதன் பெயரில் யாரோ பதில் சொல்கிறார்கள். ஒரு நேர்ஸ் பிள்ளையைத் திரைக்கு முன்னால் இருத்திவிட்டு நானும் சேரும் ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தோம். வரவேற்பில் ஒரு கேபிளைக் கழற்றிப் பார்த்தோம், பதில் நிற்கவில்லை. கணக்குப் பகுதியில் கழற்றினோம், நிற்கவில்லை. மருந்தகத்தில் இருந்த பிரின்டரின் கேபிளைக் கழற்றியதும் டாக்டரின் அறையிலிருந்து நேர்ஸ் பிள்ளை கூப்பிட்டாள்: நின்று போச்சு சேர்.

மருந்துச் சீட்டு அடிக்கும் பிரின்டர். அதன் எண்ணும் இருபது.

மருந்தகத்தில் இருந்த பரீதா, "ரெண்டு பேரும் என்ன, கேபிளக் கையில வெச்சுக்கிட்டு ஆளையாள் பாக்கிறீங்க? ஆள் நிக்கிது, சீட்டு அடிக்கணும்" என்றாள். சேர் திருப்பிச் சொருகினார்.

அவர் அறைக்குத் திரும்பி நடக்கும்போது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது என்று நினைக்கிறேன். சுதாவின் படம் சேர்வரின் வாசலைத் தட்டியிருக்கிறது. சேர்வரும் 'வா' என்று பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் சேர்வர் இருப்பது கல்முனை ரவுட்டரில். அந்த ஊருக்குத் தெரிந்த இருபது ஒன்றே ஒன்று, மருந்தக பிரின்டர். பதிலைப் பிரின்டரின் தெருவுக்குத் திருப்பிவிட்டது. அங்கே காவல்காரன், இந்த உரையாடல் இந்த வாசலில் தொடங்கவில்லையே என்று அதைத் தூக்கி எறிந்திருக்கிறான். ஒரு வாரமாக நான் வழி கேட்டது அக்கரையிடம் மட்டும். கல்முனையிடம் திரும்பிப் போகும் வழி எது என்று ஒரு தடவையாவது கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? கடப்பால் வந்தவர் கடப்பாலேயே திரும்பிப் போவார். எங்கள் ஊரில் அது சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. சோற்றோடு வந்த சஹன் வெறும் தட்டாகி அதே இடைவெளியால் சாச்சி வளவுக்குப் போய்ச்சேரும். போகும் வழியைக் காட்டினால் வரும் வழியையும் காட்டியதாகத்தான் அர்த்தம். சேரும் அந்தக் கடப்புகளுக்குள் பிறந்து வளர்ந்தவர், அவருடைய பொத்தானும் அந்த இடத்தில் நிற்கவில்லை. மெஷினுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. ஒவ்வொரு ஊரும் தன் அட்டவணையை மட்டும் பார்க்கும். வந்தவர் எந்தப் பக்கத்தால் வந்தார் என்று அதற்கு ஞாபகம் இருக்காது. திரும்பும் வழியைத் தனியாக, மற்ற ஊரில், வேறொரு வரியாக எழுதவேண்டும்.

எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருந்தது. கல்முனை ரவுட்டரில் முழு வரிசையையும் அக்கரைக்குத் திருப்ப ஏலாது, எங்கள் ஆஸ்பத்திரியே அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் வழி தேடும்போது ரவுட்டர் மிகக் குறுகலான பொருத்தத்தைத்தான் முதலில் எடுக்கும். தெருவுக்கு ஒரு வழியும் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் வேறு வழியும் எழுதியிருந்தால், அந்த வீட்டுக்குப் போகிறவருக்கு இரண்டாவதையே காட்டும். ஆகவே இருபது என்ற ஒரேயொரு எண்ணுக்கு மட்டும், அடுத்த இடம் 'அக்கரை' ரவுட்டர் என்று ஒரு வரி. பிள்ளைகளே, நீங்கள் அழிக்கப் பார்த்தது அந்த வரியைத்தான். பிரின்டருக்குக் குழப்பம் வராமல் இருக்க அதற்கு வேறு எண் கொடுத்தோம். பரீதா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

முழுவதையும் சேரிடம் வாயால் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். உடைந்தால் ஒட்டுவதைப் பற்றியும் கேட்டார். பிறகு புதிதாக ஒன்று கேட்டார்: "திரும்புறது எங்கால?" அன்றிலிருந்து நான் விலகும் நாள் வரைக்கும் எல்லா மாற்றத்துக்கும் அந்த இரண்டு கேள்வியும் சேர்ந்தே வந்தன.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை. வானம் மூடிக்கிடந்தது. மழை பெய்யவில்லை, பெய்யப்போகும் வெளிச்சம் மட்டும். குத்பா நோன்பைப் பற்றியே இருந்தது. ஒரு வரியை எழுதினேன். கமிட் கொடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டாக்டரின் அறையில் சேர்வருக்கு முன்னால் இருந்தேன்.

சுதாவிடம் அப்போது ஒரு நோயாளி இருந்தார். கோமாரியிலிருந்து வந்த மீன்பிடிக்காரர், வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது மணிக்கட்டை மடக்கிக்கொண்டவர். படத்தை சீடியில் எழுதி வைத்தாயிற்று, லைனில் போகாவிட்டால் பஸ்ஸில் விடுவேன் என்றார் சுதா.

"அனுப்பட்டா மிஸ்?"

"அனுப்புங்க."

"அனுப்பிட்டன். சுத்துது."

திரையின் மேல் ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒரு கீற்று வந்தது. அதன் கீழே இன்னொன்று. விரல் நுனிகள், பிறகு விரல்கள், ஒவ்வொரு கணுவாக, அடிவானத்திலிருந்து வள்ளம் வருகிற மாதிரி அவசரமில்லாமல் வந்தன. ஒரு முழுக் கை கறுப்புக்குள் மிதந்தது. எத்தனையோ எக்ஸ்ரே பார்த்திருக்கிறேன். இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தக் கைக்குள் இருக்கும் எலும்புகளை அதற்குரிய மனிதரே பார்த்ததில்லை, அவர் அக்கரைப்பற்று வாங்கில் சாய்ந்துகொண்டு இருக்கிறார், இங்கே நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பச்சையாகிட்டு மிஸ்" என்றார் சுதா. "வந்திட்டா?"

"வந்திட்டு சுதா."

போனுக்குள் அக்கரைப்பற்றுப் பள்ளியின் ஒலிபெருக்கி கேட்டது, ஜன்னலால் எங்கள் பள்ளியுடையது. இரண்டிலும் ஆமீன் சொன்னார்கள், ஒன்றுக்குக் கொஞ்சம் பின்னால் மற்றது.

தொழுகை முடிந்து வந்த டாக்டர் பார்த்தார். சின்ன வெடிப்பு ஒன்று, கட்டுப் போட்டால் போதும். சீடி பஸ் ஏறாமலே செய்தி போய்ச்சேர்ந்தது. மெஷின் அக்கரைப்பற்றிலேயே இருக்கட்டும் என்று ஹாஜியார் தலைப்பிறை கண்ட அன்று சொல்லியனுப்பினார். சுதா அன்று இரவு திருக்கோவிலில் வீட்டில் இருந்தபடியே எனக்குப் போன் எடுத்தார். மகள் பக்கத்தில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்த மீன்பிடிக்காரர் போகும்போது ஒன்று சொன்னாராம். "கை நொந்தது ஒண்டுமில்ல பிள்ள. கோமாரியில இருந்து இஞ்ச வரக்குள்ள பஸ்ஸுல ஒவ்வொரு குழிக்கும் உசிர் போய் வந்தது. அதுதான் நோவு."

அந்த வார்த்தைதான் என்னை இருக்கவிடவில்லை. ஒரு வரி எழுதி நாங்கள் அக்கரைப்பற்றையும் கல்முனையையும் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டோம். கோமாரி இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் சில காலம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வேறு கிளினிக்குகள் இரண்டை அதே பெட்டிக்குள் தனித்தனி ஊர்களாகக் குடியேற்றினேன், எல்லாவற்றுக்கும் போகும் வழியும் திரும்பும் வழியும் எழுதி. எல்லாம் சரியாக ஓடியபோது எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லாமல் போனது. விலகினேன். சேர் கண்ணை மூடிக்கொண்டு என் கடிதத்தைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டார். இப்போது இந்தக் கரையோரத்தின் சிறிய மருந்தகங்களுக்கு என் சொந்தக் கணக்கில் வேலை செய்கிறேன். ஹாஜியாரிடம் அந்தப் பெட்டியில் இன்னும் ஒரு ஊருக்கு இடம் கேட்டேன். தந்திருக்கிறார்.

கோமாரியில் தென்னந்தோப்பு ஓரமாக ஒரு சிறிய டிஸ்பென்சரி. கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே மெஷினுக்கு அனுமதி வந்துவிட்டது, வாரத்தில் ஒரு நாள் சுதா அங்கே போய் இருக்கச் சம்மதித்துவிட்டார். லைன் கிடையாது, போன் சிம்தான். அதில் ஒவ்வொரு தடவையும் எண் மாறும். எங்கே இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாத ஓர் ஊருக்குத் திரும்பும் வழியை நான் எப்படி எழுதிவைப்பது? எழுதிவைக்க முடியாது. ஆகவே கோமாரி தானே சொல்லவேண்டும். சிம் இணைந்ததும் ஒரு மறைவான சுரங்கப்பாதையால் வந்து, 'நான் இங்கே இருக்கிறேன், என்னிடம் வர வழி இது' என்று அறிவிக்கும். கல்முனை அதைக் கேட்டுத் தன் அட்டவணையில் தானே குறித்துக்கொள்ளும். தொடர்பு அறுந்தால் அழித்துவிடும், வந்தால் மறுபடி குறிக்கும். வீட்டு மேசையில் இரண்டு பழைய பெட்டிகளை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன், நடக்கிறது. கோமாரியில் கடலிலிருந்து மழை ஏறி வரும்போது சிக்னல் படுத்துவிடும் என்கிறார்கள். அப்போது நடக்குமா என்று மேசை சொல்லாது.

வரும் வெள்ளிக்கிழமை கோமாரியில் ஓட்டிப் பார்க்கப்போகிறோம். மனிதர்களை வைத்துப் பரிசோதிக்க ஏலாது, கரைவலைக்காரரிடம் ஒரு பாரை மீன் சொல்லிவைத்திருக்கிறேன் மிஸ் என்றார் சுதா. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் அந்த மீனைப் படம் எடுத்து அங்கிருந்து அவர் அனுப்புவார். நான் கல்முனையில் திரைக்கு முன்னால் இருப்பேன், அதன் முள்ளுகள் ஒவ்வொன்றாக வருகின்றனவா என்று பார்க்க.